வலது பக்கத்தைக் கூட்டச் சொன்னவர்

யாராவது "சூப்பர்" என்று சொன்னால் நீங்கள் கலந்த அந்த ஒலி மிக்ஸை வெளியே அனுப்பாதீர்கள். இதை முதலில் மண்டையில் ஏற்றிக்கொண்டு மேலே படியுங்கள்.

ஒலிக்கூடத்துக்குப் புதிதாக வந்திருப்பவர்களுக்கு ஏதாவது எழுதித் தாருங்கள் என்று கேட்டீர்கள். பாராட்டி எழுதுவேன் என்று நினைத்திருந்தால் ஆளை மாற்றிக் கேட்டுவிட்டீர்கள். ஆண்டிபட்டியில், விசேஷங்களுக்கு ஒலிபெருக்கி வாடகைக்கு விடும் எங்கள் வீட்டு ரேடியோ செட் கடையில் குழாய் ஸ்பீக்கருக்கு நடுவில் வளர்ந்தவள் நான். பிறகு தேனியில் ஒரு ஒலிக்கூடத்தில் மிக்ஸிங் வேலை. "சவுண்டு இன்ஜினியர் எங்கம்மா?" என்று என்னிடமே கேட்டுவிட்டு வாசலைப் பார்த்த ஆண்கள் எத்தனையோ பேர். நாற்காலியை விட்டு எழுந்திருக்காமலேயே பதில் சொல்லப் பழகினேன். யாரையும் நம்பாமல்தான் வேலை பார்த்தேன். என் காதையும் சேர்த்து.

எந்தப் பொத்தான் எதற்கு என்பதை நான் சொல்லப்போவதில்லை. அது உங்கள் மென்பொருளிலேயே இருக்கிறது. ஹெட்போனில் சுற்றொலி என்பது என்ன வேலை என்பதை மட்டும் சொல்கிறேன். முன்னால், பக்கத்தில், பின்னால் என்று ஏழெட்டு சேனலில் இருப்பதை இரண்டே காதுக்குள் அடைத்து, கேட்கிறவனை "எனக்குப் பின்னால் யாரோ நிற்கிறார்கள்" என்று நம்ப வைக்க வேண்டும். அதாவது ஏமாற்று வேலை. ஏமாற்றுகிறவன் ஏமாந்தவனிடமே போய் "நல்லா இருக்கா?" என்று கேட்டால் என்ன பதில் வரும்?

பெரியகுளத்திலிருந்து ஒரு வீடியோக்காரர் வந்தார். கல்யாண ஊர்வலப் படம். நாதஸ்வரமும் தவிலும் இடது பக்கமிருந்து வந்து, தலையைச் சுற்றி வலது பக்கம் போக வேண்டும். கலந்து கொடுத்தேன். ஹெட்போனை மாட்டிக்கொண்டு கண்ணை மூடினார். கையால் காற்றில் தாளம் போட்டார். "பின்னிட்டீங்க மேடம், அப்படியே தெருவுல நிக்கிற மாதிரி இருக்கு" என்றார். அவர் ஹெட்போனை மாற்றி மாட்டியிருந்தார். இடது வலதில், வலது இடதில். படத்தில் இடமிருந்து வலமாகப் போகும் மேளத்தை வலமிருந்து இடமாகக் கேட்டு அவ்வளவு சந்தோஷப்பட்டார். அன்றோடு "எப்படி இருக்கு?" என்று கேட்பதை நிறுத்தினேன். கண்ணைக் கட்டி "எங்கிருந்து வருது, கையை நீட்டு" என்று கேட்க ஆரம்பித்தேன். எப்படி இருக்கிறது என்பதற்கு எவனும் பொய் சொல்வான். எங்கே என்பதற்குக் கை நீட்டினால் தெரிந்துவிடும்.

இனி ஏலக்காய்த் தோட்டத்துக்காரர்கள் கொடுத்த வேலையைச் சொல்கிறேன்.

மலைமேல் தோட்டம், அலுவலகம் கீழே கம்பம் ஊரில். அங்கிருந்து மேலாளர் வந்தார். புதிதாகக் காவலுக்குச் சேரும் ஆட்களுக்குப் பயிற்சி கொடுக்க வேண்டும், யானை எந்தப் பக்கமிருந்து வருகிறது என்று காதால் கண்டுபிடிக்கப் பழக்க வேண்டும், அதற்கு ஹெட்போனில் கேட்கிற மாதிரி ஒரு ஒலிப்பதிவு வேண்டும் என்றார். கேட்க நல்ல காரியம்தான். ஆனால் பேச்சோடு பேச்சாக, "யார் யார் தப்பா கை காட்டுறாங்கன்னு பேர் மட்டும் தனியா சொல்லிருங்க மேடம்" என்றார். பயிற்சிக்கு எதற்குப் பெயர்? கேட்டேன். "சும்மா ஒரு தகவலுக்கு" என்றார். சும்மா என்று ஒரு மேலாளர் சொன்னால் அது சும்மா இல்லை. அந்தச் சந்தேகத்தோடுதான் வேலையை எடுத்தேன்.

மலைக்குப் போய்த் தூறல், ஓடைச் சத்தம், வண்டு, ஏலச்செடி உரசுவது எல்லாவற்றையும் பதிவு செய்தோம். யானை மேய்ந்து மூங்கில் ஒடிகிற சத்தத்தையும் பச்சைக் கிளை கிழிகிற சத்தத்தையும் எட்டத்தில் இருந்து எடுத்தோம். முதல் மிக்ஸை என்னோடு வேலை பார்த்த ஒருவர் செய்தார். அவரும் ரேடியோ செட்டிலிருந்து வந்தவர். நம் பக்கத்து ஆட்களுக்கு ஒரு வியாதி உண்டு. கோவில் திருவிழாவுக்குக் குழாய் ஸ்பீக்கர் கட்டிப் பழகிய கை. கேட்கவில்லை என்றால் கூட்டு. அவ்வளவுதான் தெரியும். பின்பக்கச் சத்தம் பின்னாலிருந்து வரவில்லை என்றதும் பின்பக்கச் சேனலைக் கூட்டினார். அப்போதும் வரவில்லை. இன்னும் கூட்டினார். கடைசியில் யானை நெற்றிக்குள் வந்து உட்கார்ந்துகொண்டது.

"பின்னாடி வருதான்னு பாருங்க, எம்புட்டுப் பெரிசா இருக்கு!" என்றார்.

"பெரிசா இருக்கு. எங்கன இருக்கு?"

அவர் யோசித்தார். கை முன்னால்தான் போனது.

பின்னாலிருந்து வரும் ஒலி காது மடலைத் தாண்டித்தான் உள்ளே வருகிறது. அதனால் சற்று மங்கி, சற்றுக் குறைந்து வரும். அதை முன்பக்கத்துக்குச் சமமாகக் கூட்டினால் மூளை நம்பாது, முன்னால் எடுத்துப் போட்டுவிடும். நான் பின்பக்கத்தைக் குறைத்தேன். நெற்றியில் குத்தும் நடுச் சேனலையும் குறைத்தேன். வலது பக்கச் சத்தம் இடது காதுக்கும் கொஞ்சம் கசிய விட்டேன், இடதும் அப்படியே. வெளியுலகில் எந்தச் சத்தமும் ஒரு காதோடு நிற்பதில்லை. மேலாளர் வந்து கேட்டுவிட்டு, "பயமே வரலையே, அந்த தம் தம்முனு அடிக்கிறதைக் கூட்டுங்க" என்றார். "யானை தம் தம்முனு வராது சார். அப்படி வந்தா ஒங்க ஆளுக கேட்டு ஓடி உசிரோட இருப்பாக" என்றேன். அவர் முகம் சுண்டிப்போனது. நான் கூட்டவில்லை.

சோதனை நாள். கம்பம் அலுவலகத்தின் பின்னால் தென்னந்தோப்பு, அதை ஒட்டி ஒரு தகரக் கொட்டகை. காலை நேரம். பத்துப் பேர் போல உட்கார்ந்திருந்தார்கள். புதிய ஆட்கள் என்றார்களே, பாதிப் பேர் தலையில் நரை. பழைய காவல்காரர்கள். எனக்கு இரண்டாவது சந்தேகம் வந்தது. எல்லோருக்கும் ஒரே நேரத்தில் கேட்கும்படி ஹெட்போன்களை மாட்டிவிட்டு, அவரவர் துண்டால் கண்ணைக் கட்டிக்கொள்ளச் சொன்னேன்.

முருகேசன் என்று ஒருவர். வாய் சும்மா இருக்காது. "ஏலே அந்தோணி, துண்டு கட்டுனா பொண்ணு பாக்கப் போற மாப்ள கணக்காத்தேன் இருக்க" என்றார்.

"நீ மொதல்ல ஒன் துண்டத் தொவச்சுட்டு வந்து கட்டு. நாத்தம் இங்கன வரைக்கும் வருது" என்றார் பக்கத்திலிருந்தவர். அவர்தான் அந்தோணி. உத்தமபாளையம் பக்கம் ஒரு கிறிஸ்தவ ஊர். ஆண்டுக்கணக்காகக் காவலில் இருப்பவர். தோட்டத்தில் யானையை விரட்டுவதில் அவரை விட்டால் ஆள் இல்லை என்று மேலாளரே சொல்லியிருந்தார்.

"யக்கா, ஆனை லத்தி வாசமும் இதுல வருமா?" என்று முருகேசன் கேட்டார்.

"வாயை மூடு, சத்தம் மட்டும் வரும்" என்றேன்.

முதல் சுற்றில் பாதிப் பேர் பின்னால் வந்ததை முன்னால் காட்டினார்கள். பின்பக்கத்தை இன்னும் கொஞ்சம் குறைத்தேன். ஓடைச் சத்தத்தைச் சுற்றிலும் மெல்லியதாகப் பரப்பினேன். இரண்டாவது சுற்றில் கைகள் சரியான பக்கம் போக ஆரம்பித்தன. எல்லோர் கையும். மேலாளர் என் பின்னால் நின்று, "சூப்பர்" என்றார்.

அந்த வார்த்தை வந்ததும் கைகளை உற்றுப் பார்த்தேன். மற்றவர்கள் கை ஒரே நேரத்தில் எழுந்தது. அந்தோணியின் கை மட்டும் ஒரு மூச்சு தாமதித்து எழுந்தது. ஒவ்வொரு முறையும். கண் கட்டித்தான் இருந்தது. கீழே பார்த்தேன். முருகேசனின் கால் கட்டைவிரல் அந்தோணியின் பாதத்தில் இருந்தது. வலது என்றால் ஒரு மிதி. பின்னால் என்றால் இரண்டு மிதி. முன்னால் என்றால் மூன்று. இடது என்றால் மிதி இல்லை.

நான் கத்தவில்லை. மேலாளர் இருந்தார். "வெயில் அடிக்குது, எல்லாரும் கொஞ்சம் தள்ளித் தள்ளி உக்காருங்க" என்று அந்தோணியைத் தனியாக ஓர் ஓரத்துக்கு மாற்றினேன். அடுத்த சுற்று. வலது பக்கம் மூங்கில் ஒடிந்தது. எல்லோர் கையும் வலது. அந்தோணி இடது. பின்னால் ஒடிந்தது. அந்தோணி இடது. எல்லாமே இடது.

தேநீருக்கு நிறுத்தினேன். மேலாளர் போன் பேச வெளியே போனார். அந்தோணியிடம் போய் ஹெட்போனை இடம் வலம் மாற்றி மாட்டி ஒலிப்பதிவை மறுபடி போட்டேன். மாற்றி மாட்டியும் எல்லாம் இடதுதான். கோளாறு ஹெட்போனில் இல்லை என்று அப்போதுதான் உறுதியானது. காலையிலிருந்து அவர் யாரோடு பேசினாலும் அந்த ஆளை இடப்பக்கம் வைத்துக்கொண்டதும் அப்போதுதான் எனக்கு உறைத்தது.

"வலது காது எம்புட்டு நாளா இல்ல?" என்றேன்.

அவர் முருகேசனைப் பார்த்தார். முருகேசன் தேநீர்க் குவளைக்குள் பார்த்தார்.

"ஆனைய வெரட்ட வேட்டு போட்டுப் போட்டுப் போனது யக்கா" என்றார் அந்தோணி. "சில நேரம் கையை விட்டுப் போறதுக்குள்ள வெடிச்சிரும். வலது கைதேன எறியுது."

"ஒத்தக் காத வச்சுக்கிட்டா தனியா காவலுக்கு நிக்கீக?"

"நின்னுக்கிட்டுத்தேன இருக்கேன். தலையத் திருப்பித் திருப்பிப் பாத்தாப் புடிச்சிருவேன். எங்கிட்டுத் திரும்புனாச் சத்தம் கூடுதோ அதேன் பக்கம். இந்த மிசின்ல திரும்புனா ஆனையும் என் கூடவே திரும்புது. அதேன் தெரியல."

பொய் இல்லை. ஹெட்போனின் குறையை என்னிடம் தொழில் படித்தவர்கள்கூட அவ்வளவு தெளிவாகச் சொன்னதில்லை. தலை திரும்பும்போது ஒலி நின்ற இடத்தில் நிற்க வேண்டும். எங்கள் பதிவில் நிற்காது. ஆனால் அவர் அடுத்து கேட்டதுதான் விஷயம்.

"யக்கா, வலது பக்கத்த மட்டும் கொஞ்சம் கூட்டிவிடுங்க. இடது காதுக்கு அது மங்கலாத்தேன் கேக்கும். ஆனாப் பெரிசாக் கேட்டா அது வலதுன்னு வெவரமாக் காட்டிருவேன். மத்தவுகளுக்குத் தெரியாது. எம் மக நர்சிங் கடைசி வருசம். இவுக ஆளக் குறைக்கப் போறாகன்னு பேச்சு அடிபடுது."

செய்யலாம். ஒரு விரல் அசைவு. அவர் சொன்ன வழி சரியாகவே வேலை செய்யும். முருகேசனும் பக்கத்தில் வந்து, "ஒங்களுக்கு என்ன கொறையப் போகுது, கூட்டுங்கக்கா. நாங்க பாத்துக்கிருவோம்" என்றார்.

"இங்கன நான் கூட்டுறேன். காட்டுல ஆரு கூட்டுவா?" என்றேன்.

முருகேசன் குவளையைக் கழுவப் போனார்.

மேலாளர் திரும்பி வந்தார். என்னைத் தனியே கூப்பிட்டு, "பேர் சொல்லுங்க மேடம். ரெண்டு மூணு பேர் கிடைச்சாப் போதும். நாங்களா வேலைய விட்டு நிறுத்துனா பிரச்சனை பண்ணுவாங்க. இது சயின்ஸ்னு சொன்னா யாரும் வாய் திறக்க மாட்டாங்க" என்றார்.

என் முதல் சந்தேகம் சரி. பயிற்சி என்பதெல்லாம் கண்துடைப்பு. நான் கலந்த சத்தத்தைக் கத்தியாக வைத்து ஆட்களை வெட்டப் பார்க்கிறார். ஆனால் பாருங்கள், மேலாளர் அயோக்கியன் என்பதற்காக அந்தோணியின் காது கேட்டுவிடுமா? பெயரைச் சொன்னால் நான் அவருக்குக் கையாள். வலதைக் கூட்டினால் ஒருநாள் அந்தோணியின் சாவுக்கு நான் கையாள். இந்த மாதிரி நேரத்தில் இரண்டில் ஒன்றை உடனே எடு என்று மனம் அவசரப்படுத்தும். அவசரப்படுத்துவது எதுவானாலும் சந்தேகப்படுங்கள்.

"பேர் அப்புறம். எல்லாரும் எந்திரிங்க, தோப்புக்குப் போவோம்" என்றேன்.

"தோப்புல எதுக்கு? அதான் ரெக்கார்டிங் இருக்கே" என்றார் மேலாளர்.

"ரெக்கார்டிங் பொய் சொல்லுதான்னு பாக்கணும் சார்."

தோப்பில் ஒவ்வொருவராக நடுவில் நிறுத்திக் கண்ணைக் கட்டினோம். தலையைத் திருப்பிக்கொள்ளலாம். மற்றவர்கள் சுற்றி நிற்க, நான் கைகாட்டும் ஆள் காய்ந்த ஓலையை இழுக்க வேண்டும். கண் கட்டியவர் சத்தம் வரும் பக்கத்துக்கு எதிர்ப்பக்கம் ஓட வேண்டும், காட்டில் ஓடுவது போல. அந்தோணி முறை வந்தது. ஓலையை விடாமல் இழுத்தபோது தலையை இப்படியும் அப்படியும் திருப்பி, சரியாக எதிர்ப்பக்கம் போனார். எந்தப் பக்கம் இழுத்தாலும் சரி. "பாத்தீகளாக்கா!" என்று முருகேசன் கை தட்டினார். கொட்டகையில் எல்லாம் இடது என்றவர் இங்கே ஒன்றுகூடத் தவறவில்லை. என் பதிவை வைத்து அவர் பெயரைக் கொடுத்திருந்தால் அது அநியாயம் என்று அந்த நேரத்தில் எனக்கே தோன்றியது.

ஆனாலும் யானை ஓலையை விடாமல் இழுத்துக்கொண்டு நிற்காது. நான் முருகேசனை அந்தோணிக்கு வலது பக்கமாக அனுப்பினேன். கையில் ஒரு காய்ந்த தென்னம்பாளை. ஒரே ஒருமுறை ஒடி, பிறகு அசையாதே என்று சைகை காட்டினேன். முருகேசன் தயங்கினார். நான் முறைத்தேன்.

பாளை ஒடிந்தது. ஒரே படார்.

தலையைத் திருப்பிப் பார்க்க இரண்டாவது சத்தம் இல்லை. அந்தோணி உடம்பைச் சிலுப்பிக்கொண்டு, இடப்பக்கம் யானை என்று நினைத்து, வலப்பக்கம் பாய்ந்து ஓடினார். நேராக முருகேசன் நெஞ்சில் மோதினார். இரண்டு பேரும் பாளையோடு கீழே விழுந்தார்கள்.

எல்லோரும் சிரித்தார்கள். "ஆனைய மாப்ள கட்டிப்புடிச்சுட்டாருடோய்!" என்று ஒருவர் கத்தினார். அந்தோணி துண்டை அவிழ்த்தார். அடியில் கிடக்கும் முருகேசனைப் பார்த்தார். முருகேசன் சிரிக்கவில்லை. மற்றவர்களும் ஒவ்வொருவராகச் சிரிப்பை நிறுத்தினார்கள்.

மேலாளர் பக்கம் திரும்பி எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னேன். "இந்த ஒலிப்பதிவு பயிற்சிக்கு ஆகும். ஆளை வேலையை விட்டு நிறுத்துறதுக்கு ஆகாது. தலையைத் திருப்பியும் பலன் இல்லாத சோதனையில தோத்ததா யார் பேரையும் நான் தர மாட்டேன். என் பேரைச் சொல்லி யாரையாவது நிறுத்துனா, இது சயின்ஸ் இல்லைன்னு நானே எழுதிக் கையெழுத்துப் போட்டு அவுக கையில குடுப்பேன்."

"உங்க வேலை சவுண்டு மட்டும்தான் மேடம்."

"ஆமா. சவுண்டைப் பத்தித்தான் பேசுறேன். இந்த ஆளுக்கு ஒரு காது இல்ல. இது நாங்க எல்லாரும் கண்ணால பாத்தது. இவரத் தனியா காவலுக்கு நிறுத்தக் கூடாது. கூட ஒரு ஆளப் போடுங்க, இல்ல வேற வேலை குடுங்க. தனியா நிறுத்தி ஏதாச்சும் ஆச்சுன்னா, ஒங்களுக்குத் தெரிஞ்சே நிறுத்துனீகன்னு சொல்லப் பத்து சாட்சி இங்கன நிக்குது."

அந்தோணி எழுந்து என் முன்னால் வந்தார். மண்ணைக்கூடத் தட்டவில்லை.

"ஒரு பக்கத்தக் கொஞ்சம் கூட்டச் சொன்னேன்" என்றார். "அதுகூட ஒங்களால முடியல. ஊரக் கூட்டிட்டீக."

அவர் சொன்னது உண்மை.

அதன் பிறகு அந்த மேலாளர் ஆட்குறைப்பைப் பற்றிப் பேசவில்லை. பேசினால் அத்தனை பேரும் அந்தக் கையெழுத்துக்காக என்னைத் தேடி வருவார்கள் என்று அவருக்குத் தெரியும். ஒலிப்பதிவை வாங்கிக்கொண்டார். பயன்படுத்தினாரா என்று தெரியாது, சந்தேகம்தான். அந்தோணியை ஏலக்காய் காய வைக்கும் ஸ்டோருக்கு மாற்றினார்கள். மலைமேல் யானையை விரட்டியவர் பெண்களோடு உட்கார்ந்து காய் தரம் பிரித்தார். சம்பளம் குறைவு. அதைவிட மரியாதை குறைவு. முருகேசன்தான் ஒருநாள் ஒலிக்கூடத்துக்கு வந்து சொன்னார். "அவன் ஒங்க பேச்ச எடுத்தாலே எந்திரிச்சுப் போயிருதான்க்கா. நீங்க பண்ணது சரிதேன். ஆனா நீங்க பண்ணது மகா கேவலம்" என்றார். அந்த இரண்டையும் நான் ஏற்றுக்கொண்டேன்.

உங்களுக்குச் சொல்ல வேண்டியது இதுதான். ஒரு சேனல் கேட்கவில்லை என்றால் உடனே கூட்டாதீர்கள். ஏன் கேட்கவில்லை என்று கேளுங்கள். மிக்ஸில் கோளாறா, ஹெட்போனில் கோளாறா, கேட்கிற ஆளிடம் கோளாறா, கேட்கச் சொல்கிற ஆளிடம் கோளாறா என்று ஒவ்வொன்றாகச் சந்தேகப்படுங்கள். உங்களைக் கூட்டச் சொல்கிறவர் நல்லவராக இருப்பார், பாவமாக இருப்பார், அவர் கேட்பதில் நியாயமும் இருக்கும். அப்போதுதான் பொத்தானிலிருந்து விரலை எடுத்துவிட வேண்டும். அதற்காக யாரும் நன்றி சொல்ல மாட்டார்கள். எதிர்பார்த்தால் வேறு தொழிலுக்குப் போங்கள்.

போன மாதம் கம்பத்திலிருந்து தேனிக்குப் பேருந்தில் வந்துகொண்டிருந்தேன். வலது பக்க இருக்கையில் உட்கார்ந்திருந்தேன். உத்தமபாளையத்தில் அந்தோணி ஏறினார். நரை கூடியிருந்தது. என்னைப் பார்த்தார். பார்த்தார் என்பதில் சந்தேகமே இல்லை. எனக்குப் பின்னால் இடம் காலி, இடது பக்க இருக்கைகளிலும் இடம் காலி. எந்த ஆளையும் இடப்பக்கம் வைத்துக்கொண்டே பழகியவர், நடைவழிக்கு அந்தப் பக்கம் எனக்கு நேராக வந்து, கேட்காத அந்த வலது காது என்னைப் பார்த்திருக்கும்படி உட்கார்ந்தார்.

"அந்தோணி" என்று கூப்பிட்டேன்.

அவர் முன்னால் பார்த்துக்கொண்டே இருந்தார். நான் மறுபடி கூப்பிடவில்லை. சத்தத்தைக் கூட்டவும் இல்லை. சின்னமனூரில் இறங்கினார். சாலையைக் கடக்கும் முன் நின்று, தலையை இப்படியும் அப்படியும் நன்றாகத் திருப்பி வண்டி வருகிறதா என்று கேட்டுவிட்டு, அந்தப் பக்கம் நடந்து போனார். இரண்டு காலால், முழு உடம்போடு நடந்து போனார்.